கினாபாலுவிலிருந்து இரண்டரை மணி நேரம்

கோத்தா கினாபாலுவிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டரை மணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்து வயதில், பெரியப்பா இறந்த அன்று, அம்மாவின் கைப்பேசியில் தேடிப் பார்த்து வீட்டுக்கே அறிவித்தவள் நான்தான்.

மெர்லிமாவ் ஊரில், பெரியப்பா வீட்டுக் கூடத்தில், அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய ஒரே மகன், என் அண்ணன், கினாபாலுவில் வேலையில் இருந்தார். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காகப் பெரியப்பா அவரிடம் வீட்டுவாசல் மிதிக்காதே என்று சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்படிச் சொன்னவர்தான் கடைசி நாட்களில் வாசலில் கார் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாராம்.

காலையில் பெரியம்மா அடுக்களைக்குள் போய் அண்ணனிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "பத்து மணி பிளேன்ல ஏறுறான். எவ்ளோ நேரமாவும்னு பாரு கண்ணு."

பார்த்தேன். பன்னிரண்டரைக்கு இறங்குவார், காரில் இரண்டு மணி நேரம், இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். என் கணக்கை நம்பி அப்பா மின்சுடலைக்குப் போன் செய்து தகன நேரத்தைத் தள்ளி வைத்தார். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

பெரியம்மா பெட்டியின் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. அடிக்கடி என்னிடம், "இப்ப எங்க வந்திருப்பான்?" என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்து, வரைபடத்தில் விரலை நகர்த்தி, "கடல் மேல, பெரியம்மா" என்பேன். அவர் பெட்டிக்குள் குனிந்து, "கடல் மேல வர்றானாம்" என்பார். பன்னிரண்டரைக்கு, "எறங்கியாச்சு!" என்று நான் கத்தியதில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வழியிலுள்ள ஊர்கள்: சிரம்பான், ஆயர் குரோ, ஜாசின். ஒவ்வொன்றையும் பெரியம்மா குனிந்து சொன்னார்.

இரண்டரை ஆனது. மூன்றும் ஆனது. உறுமி மேளக்காரர்கள் கூடாரத்துக்கு வெளியே நின்று புகைத்தார்கள். பக்கத்து வீட்டு மாமா, "நேரமாச்சு லா, பெட்டிய மூடணும்" என்றார். அப்பா அண்ணனுக்குப் போன் போடப் போனார். பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி. கார் ஓட்டிக்கிட்டிருப்பான்."

என் கணக்கு தப்பாகிவிடுமோ என்று எனக்குப் பதற்றம். "பிளேன் லேட்டான்னு பார்த்துச் சொல்லவா, பெரியம்மா?" என்று கைப்பேசியைத் தட்டினேன். அவர் அதை வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்து முந்தானையால் மூடினார்.

"போதும் கண்ணு."

கொஞ்ச நேரம் பெரியப்பாவின் கன்னத்தில் கை வைத்திருந்தார். கடைசியாக ஒருமுறை குனிந்து, "வாசலுக்கு வந்துட்டான்" என்றார். பிறகு நிமிர்ந்து, "மூடுங்க" என்றார்.

கொள்ளிச் சட்டியை அப்பா தூக்கினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பாவுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பெரியம்மாவுக்கு என் கணக்கின்மேல் கோபம் என்றுதான் அழுதேன்.

அண்ணன் விமானமே ஏறவில்லை. வரமாட்டேன் என்று காலையிலேயே பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அப்போது அடுக்களையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மா, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அதைச் சொன்னார். அன்று முழுக்க நான் ஊர் ஊராகச் சொல்லி அழைத்து வந்த மகன் வருவதை நம்ப வேண்டியிருந்தவர், அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒருவர் மட்டும்தான்.