மீன் தூளுக்குக் கீழே இருந்த வரி

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்து, எழுத உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். நாய்க்காக ஜெபம் செய்த கதையை எழுத வந்துவிட்டாள் என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான். ஆனால் அன்றைக்கு என் மகளின் உயிரும் அதோடு சேர்ந்தல்லவா ஊசலாடியது!

தொண்ணூறுகளின் தொடக்கம். திருமுல்லைவாயிலில் வாடகை வீடு. கணவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை கறி, மீன் எதுவும் உள்ளே வராது. கறிச்சட்டியைக்கூடக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவேன். இதில் மாட்டிக்கொண்டது எங்கள் நாய் ஜிம்மி. ரசச் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பாரிவாக்கத்தில் கோழி வளர்த்த என் தம்பி, மனசு கேட்காமல் ஒரு மூட்டை கோழித் தீவனம் கொண்டுவந்து கொடுத்தான். மூட்டையின் வாயில் இங்கிலீஷில் ஒரு சீட்டு தைத்திருந்தது. தவக்காலமாயிற்றே, மாமிசம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, மீன் தூள். "மீன் இருக்கு" என்றதோடு சீட்டை விட்டுவிட்டார். எங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். தீவனத்தை டின்னில் கொட்டிவிட்டு, சாக்கை ஜிம்மிக்குப் படுக்கையாகப் போட்டேன். மீன் வீட்டுக்குள் வரக்கூடாதென்று கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, தனிப் பானையில் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன். வழித்து நக்கியது.

சில நாள்தான். ஒரு காலையில் அதற்குப் பின்னங்கால்கள் எழும்பவில்லை. இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. தூக்கப்போன என் சின்ன மகளின் கையில் பல் பட்டு ரத்தம் கசிந்தது. காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, கணவரோடு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஜிம்மி பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் உருட்டுக்கட்டையோடு வந்துவிட்டார். மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரப் பார வண்டி ஓட்டுகிறவர்.

"ஒத்திக்கோ தங்கச்சி. வெறி புட்ச்ச நாய வெச்சிகினு இன்னா ஜெபம் பண்ணிகினு கீற?"

"தண்ணி குடிக்குதுண்ணே, பாருங்க."

"இப்போ தண்ணி குடிக்கும், அப்பால உன் கழுத்தக் கடிக்கும். நவுரு!"

"அடிச்சுப் போட்டுட்டா இது வெறியா இல்லையான்னு யாருக்குண்ணே தெரியும்? எம் பொண்ணு கதி என்னன்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

கட்டையைத் தாழ்த்தினார்.

"செரி, வண்டில ஏத்து. டாக்டரு வெறின்னு ஒரு வார்த்த சொன்னா அங்கயே முட்ச்சுடுவேன். அப்பால அய்வக் கூடாது, இன்னா?"

பழைய புடவைத் துண்டால் ஜிம்மியின் வாயைக் கட்டி, சாக்கோடு தூக்கி வண்டியில் வைத்தோம். ஆவடி கால்நடை ஆஸ்பத்திரி வரை வெயிலில் கூடவே நடந்தேன். "அருள் நிறைந்த மரியே" சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம்.

டாக்டர் ஜிம்மியின் காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்.

"என்ன தீனி போடறீங்க?"

"கோழித் தீவனம் சார்."

சட்டென்று நிமிர்ந்தார். "மூட்டை இருக்கா?"

அதன்மேல்தான் ஜிம்மி படுத்திருந்தது. சாக்கின் வாயை இழுத்துப் பிடித்தார். எச்சிலில் நனைந்த சீட்டு இன்னும் அதில் தொங்கியது. விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். மீன் தூளையும் தாண்டி, கடைசி வரியில் நிறுத்தினார். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கக் கலக்கும் மருந்தாம்.

"கோழிக்கு மருந்து, நாய்க்கு விஷம்மா. தசையெல்லாம் தளர்ந்துபோகும்."

"அப்போ வெறி இல்லியா சார்?" கேட்டது நானில்லை, அண்ணன். கட்டை இன்னும் கையில் இருந்தது.

"இதனாலதான் இருக்கணும். ஆனா உறுதியா சொல்லமாட்டேன். அந்தத் தீவனத்தை நிறுத்திட்டு, கட்டி வெச்சுப் பாருங்க. வெறின்னா பத்து நாள் தாங்காது. அதுவரைக்கும் குழந்தைக்கு ஊசியை நிறுத்தாதீங்க."

தொப்புளைச் சுற்றி ஊசி. ஒவ்வொன்றுக்கும் மகள் அலறுவாள். விடிந்ததும் கொல்லைக் கதவை மெல்லத் திறந்து, ஜிம்மியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஜிம்மிக்கு மூச்சு நின்றிருந்தால் அது என் மகளுக்கான தீர்ப்பு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் கொடுப்பார்: "தங்கச்சி, உசுரோட கீதா?"

"இருக்குண்ணே."

டாக்டர் சொன்ன கெடுவும் தாண்டியது. குருத்தோலை ஞாயிறன்று கையில் ஓலையோடு கோயிலிலிருந்து திரும்பினால், ஜிம்மி நடுங்கிக்கொண்டே நாலு காலில் நின்று வாலை ஆட்டுகிறது. ஓலையைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஊசியும் நின்றது. ஈஸ்டர் அன்று அண்ணன் ஒரு பொட்டலம் எலும்போடு வந்தார். "இன்னா நைனா, உன் தவக்காலம் முட்ஞ்சிட்சா?" என்று ஜிம்மியிடம் கேட்டார்.

எங்கள் தெருவில் இது ஜெபத்தால் பிழைத்த நாயின் கதையாகப் பரவிவிட்டது. காப்பாற்றியவர் ஆண்டவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியும் அவர் எங்கள் கண்முன் வைத்ததுதானே? தேடிய வார்த்தை கிடைத்ததும் நாங்கள்தான் படிப்பதை நிறுத்திவிட்டோம். இன்றும் நாய்க்கு எதை வாங்கினாலும் கடைசி வரிவரை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே தட்டில் கொட்டுகிறேன். நாய் வளர்க்கும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லுங்கள். ஆனால் ஜெபத்தையும் விட்டுவிடாமல், அந்தச் சீட்டையும் விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.