லின் அக்காவின் கல்லும் எங்கள் அக்காவின் சத்தியமும்

சாய்ந்த கல்லறைக் கல்லை நிமிர்த்தும்படி இறந்தவரின் இரத்த உறவினரோ சட்டப்படியான வாரிசோ மட்டுமே கேட்கலாம். அப்படி ஒருவரும் வராவிட்டால் கல் அகற்றப்படும். இது மயான நிர்வாகத்தின் ஒழுங்குவிதி. உத்தியோக காலம் முழுவதையும் விதிகளோடு கழித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், தெளிவாக எழுதப்பட்ட விதி. எங்கள் அக்காவைத் தவிர வேறு எவரையும் அது தடுத்திருக்கும்.

அக்கா சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா இளவயதிலேயே காலமானதால் படிப்பை நிறுத்தி, தையல் மெஷினை மிதித்து எங்களை வளர்த்தார். அத்தானைக் கைப்பிடித்து, யுத்த காலத்தில் கனடாவின் மொன்றியலுக்கு வந்து அங்கே லாசால் பகுதியில் குடியேறி, ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்து மெஷினில் இருந்தவர் லின் என்ற சீனப் பெண்மணி, அக்காவிலும் மூத்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பிரெஞ்சு. மேற்பார்வையாளரைத் திட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா அவரை ‘லின் அக்கா’ என்றே அழைத்தார்.

லின் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரின் கல்லறைக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில், சிங்மிங் நாளில், அக்காவையும் அழைத்துப் போவார். சீனர்கள் முன்னோரின் கல்லறைகளைக் கூட்டித் துப்புரவு செய்து படையல் வைக்கும் வசந்தகாலத் திருநாள் அது. அவர்கள் ஊரில் விளக்குமாறு போதுமாம். மொன்றியலில் வசந்தம் முதலில் நாட்காட்டிக்குத்தான் வரும் என்பதால், இங்கே பனி அள்ளும் சவள் தேவைப்பட்டது. கல்லைக் கழுவி, மங்கிய எழுத்துக்குச் சிவப்பு மை தீட்டி, தோடம்பழமும் கீரைச்சாறு விட்டுப் பிசைந்த பச்சை மா உருண்டையும் வைத்து, மூன்று முறை குனிந்து வணங்குவார்கள். பிறகு படைத்ததை அங்கேயே நின்று சாப்பிடுவார்கள்.

லின் அக்காவும் அதே கல்லின் கீழ் அடக்கமான பிறகு, எல்லாவற்றையும் அக்கா தானே செய்தார். மா உருண்டைக்குள் அவித்த பயறும் சர்க்கரையும் புகுந்து அது கொழுக்கட்டையானது. மிஞ்சியதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது என் மனைவி கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“மச்சாள், குறை நினையாதேங்கோ. சுடலைக்குப் போய்வந்த பலகாரம்…”

“திவசத்துக்குப் படைச்சதை வீட்டுக்குள்ள சாப்பிடுறீர்தானே? இது வெளியில படைச்சது. இந்தக் குளிருக்குக் கெடவும் இல்லை. சாப்பிடும்.”

மனைவி சாப்பிட்டார். இரண்டாவதையும் கேட்டு வாங்கினார்.

ஒரு குளிர்காலத்தில் உறைந்த நிலம் பொங்கி மேலெழும்பியதால் லின் அக்காவின் கல் சாய்ந்தது. வாரிசு வராவிட்டால் அகற்றுவோம் என்ற அறிவித்தலை அதில் ஒட்டியிருந்தார்கள். மனு எழுதுவிக்க அக்கா நேரே என்னிடம் வந்தார்.

“உறவு எண்ட இடத்தில தங்கச்சி எண்டு போடு.”

“அக்கா, அது பொய். நீங்கள் வாரிசு இல்லை.”

“அப்ப நீ ஆர்?”

“என்ன?”

“உன்ர பிறப்புப் பத்திரம் பதிவுக் கந்தோரோட எரிஞ்சு போச்சு. நீ என்ர தம்பி எண்டு நான் சத்தியக்கடதாசி குடுத்துத்தானே உன்னை இஞ்ச எடுத்தனான்? இப்ப எனக்கு விதி சொல்லுறாய்.”

உட்கார்ந்து, அக்காவின் பெயரில் எழுதினேன். ‘நான் இரத்த உறவு அல்ல. அவருக்கு வேறு ஒருவரும் இல்லை. ஒவ்வொரு சிங்மிங்குக்கும் ஒரு தங்கை செய்ய வேண்டிய அனைத்தையும் செய்து வருகிறேன். ஆகவே நான் அவருடைய தங்கை என்று சத்தியம் செய்கிறேன்.’ கடைசி வசனம் அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. சட்டம் அறிந்த எவரும் அப்படி எழுதமாட்டார்.

முதல் மனு, அதே விதியை மேற்கோள் காட்டித் திரும்பி வந்தது. அக்கா மறுபடியும் அனுப்பினார். அதற்குப் பதிலே இல்லை. அதற்குள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. வைத்தியசாலையில் என்னைக் காணும்போதெல்லாம் கேட்டது ஒன்றுதான்.

“தம்பி, பதில் வந்ததோ?”

“இன்னும் இல்லை, அக்கா.”

“அதுக்கிடையில கல்லைப் பிடுங்கிப் போடுவாங்களோ?”

“மனு விசாரணையில இருக்கு. முடியுமட்டும் தொடேலாது. அது விதி.”

“அப்ப உன்ர விதியும் நல்லதுக்கு உதவுது,” என்று சிரித்தார்.

மாசி மாதத்தில், அத்தான் கையைப் பற்றியிருக்க, அமைதியாகக் கண்மூடினார். சொந்தமல்லாத ஒருவரின் பெயர் அழியக்கூடாது என்று போராடியவரின் தம்பி நான். வகித்த பதவிகள் எல்லாவற்றிலும் பெரியது அதுவே.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை சமைத்து அனுப்பிய அயலவருக்கும், இன்று ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. மயான அலுவலகத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களுடைய பதிலைப் போலவே அதுவும் தாமதமாக வருகிறது.

அக்கா இல்லாத முதல் சிங்மிங்குக்கு அத்தானும் நானும் சவளோடும், என் மனைவி அவித்த பச்சைக் கொழுக்கட்டையோடும் போய் வந்தோம். திரும்பியபோது தபால்பெட்டியில் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. நிலம் இளகியதும் கல் நிமிர்த்தப்படும் என்றும், அக்கா இறந்தவரின் சகோதரியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளார் என்றும் எழுதியிருந்தார்கள். விதி தெரிந்தவன் என்ற முறையில் நான் ஆட்சேபித்திருக்க வேண்டும். ஆட்சேபிக்கவில்லை. பதில் வந்து சேர்ந்த திகதி ஏப்ரல் ஐந்து, சிங்மிங் நாளேதான்.