பூக்கொட்டகைக்கு வெளியே யோகமலர் அக்கா

குளிருக்கு முந்திப் பூக்கும் அந்தக் கஞ்சா ரகத்தை உருவாக்கியவர் யோகமலர் அக்கா. ரகத்தின் உரிமைக்கான பதிவு விண்ணப்பத்தில், உருவாக்கியவர் என்று இருப்பது எங்கள் டைரக்டரின் பெயர். இது திருட்டு.

உறக்கத்திலேயே அக்கா போய்விட்டதாகச் செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினான். கையுறையோடு பூக்கொட்டகையில் நின்றிருந்தேன். அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு நினைவுக்கு வந்து, அழுவதற்கு முன் சிரித்துவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஆக்லாந்தின் ஓரத்தில் மருந்துக்காகக் கஞ்சா வளர்க்கும் இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்த நாள் அது. எல்லோரும் மேசையில் சாப்பிட, அவர் மட்டும் தள்ளி, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். தட்டோடு அருகே போனேன்.

“கிட்ட வராதையும் பிள்ளை, நான் தீட்டு!”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஊரில மாசத்தில மூண்டு நாள். இஞ்ச வருசம் முழுக்க!”

விதை பிடிக்காத பெண்பூவில்தான் மருந்து இருக்கிறது. அக்கா ஆண்செடிகளோடு வேலை செய்பவர். அவர் உடையிலுள்ள மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும். நான் அவரருகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். குளித்து உடை மாற்றிய பிறகுதான் என்னைப் பூக்கொட்டகைக்குள் விட்டார்கள். திட்டும் கிடைத்தது. மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தேன்.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் மூடப்பட்ட ஒரு டெய்ரியின், அதாவது தெருமுனைக் கடையின், பால் ஃபிரிட்ஜை அக்கா வாங்கி வந்து, எவை குளிர் தாங்கும் என்று பார்க்க அதில் நாற்றுகளை அடுக்கினார். மறுநாள் திறந்தால் எல்லாம் துவண்டு கிடந்தன.

“அய்யோ, எல்லாம் செத்துப்போச்சுக்கா.”

“அந்த மூலையில நாலு பேர் நிக்கினம், வடிவாப் பாரும்.”

அந்த நால்வரைச் சீக்கிரம் பூக்கும் செடிகளோடு வருடக்கணக்கில் கலந்தார். தெற்குத் தீவின் சோதனை வயலில் மற்ற ரகங்கள் பூஞ்சையில் அழுகியபோது அக்காவின் ரகம் மட்டும் நின்றது. கம்பளித் தொப்பியோடு வரப்பில் ஆடியபடி வீடியோவில் அழைத்தார். “என்ர பிள்ளையளைப் பாரும்! பனிக்கு முதலே பூத்து முடிச்சிட்டினம்!”

வெற்றிப் படத்தைப் பூக்கொட்டகைக்குள் எடுத்தார்கள். அவருக்கு அனுமதியில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று முகத்தைக் கோணலாக்கினார். படத்தில் டைரக்டர் உட்பட அனைவரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம்.

“உங்களுக்குக் கோவமே வராதாக்கா?”

“படம் என்னத்துக்கு? விண்ணப்பத்தில என்ர பேர் வரும்தானே.”

வரவில்லை. போன மாதம் விண்ணப்பத்தைப் பார்த்தார். “டைரக்டரிட்ட மாத்தச் சொல்லிக் கேட்டனான். பாப்பம் எண்டவர்,” என்றார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

நேற்று இறுதிச் சடங்கு. அக்காவின் குறும்புகளை ஆளாளுக்குச் சொல்லி மண்டபமே சிரித்தது. அப்படித்தான் அவரை வழியனுப்ப முடியும். போய்வாருங்கள், அக்கா.

தேநீர் மேசையருகே டைரக்டர் கண்ணைத் துடைத்தார். “நம்ம கம்பெனிக்கே அம்மா மாதிரி இருந்தாங்கம்மா.”

“அப்போ உங்க பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போடுங்க சார். எப்போ போடுவீங்க?”