மில்லிக்கனில் உறைப்பு ராமென் உண்ணும் முறை

இரண்டு வருடங்களாக என் வீட்டு அடுப்பில் ஒவ்வொரு நாளும் இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்று எனக்கும் கணவருக்கும். ஊரிலிருந்து வரும் கறித்தூளில் இரண்டு கரண்டி போட்டு, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்ட கறி. மற்றது என் மகள் நிரோஜாவுக்கு. தூளே போடாமல் பாலில் வைத்த வெள்ளைக்கறி. பதினாலு வயதில் ஒருநாள், "அம்மா, உறைப்பு. ஜக்கெற் எல்லாம் மணக்குது. ஸ்கூல்ல பக்கத்தில இருக்கிறவை மூக்கைப் பொத்தினம்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் தனிச் சட்டி. கனடாவின் குளிர் பிள்ளையின் நாக்கைப் பழுதாக்கிவிட்டது என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவள் நகரத்தின் மில்லிக்கன் பகுதியில் ஒரு யப்பான் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆறாம் இலக்க உறைப்பு ராமென் சாப்பிடுகிறாள் என்பது இந்த வருடம் மாசியில்தான் எனக்குத் தெரியவந்தது.

இப்போது ஊரிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் உறவினர்கள் நயாகரா பார்த்து முடிந்ததும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். "உவை யப்பான்காரருக்கு உறைப்பைப் பற்றி என்ன தெரியும்" என்று சிரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அவர்களுக்காகவும், இந்நகரத்தில் பிள்ளை வளர்க்கும் என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ராமென் என்பது ஒரு பெரிய கோப்பையில் வரும் சாறும் மாவிழையும். எங்கள் இடியப்பத்தைப் பிரித்துச் சொதியில் மிதக்கவிட்டதுபோல இருக்கும், ஆனால் இழை கோதுமையில் செய்தது, இழுத்தால் அறாது. மேலே அவித்த முட்டையில் பாதி, முளைவிட்ட பயறு, வெங்காயத்தாள், இறைச்சித் துண்டு. இறைச்சி பெரும்பாலும் பன்றி. வேண்டாதவர்கள் இருக்கையில் அமர்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடையில் சாறு கோழி எலும்பில் காய்ச்சுகிறார்கள், எல்லாக் கடையிலும் அப்படியல்ல. உறைப்புக்கு ஒன்றிலிருந்து பத்துவரை இலக்கம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் மிளகாய் விழுது ஒரு சிறு கரண்டி கூடும். பத்தைச் சாப்பிட்டவர்கள் உண்டா என்று கேட்டால் கடைக்கார அம்மா கூரையைப் பார்ப்பார்.

அந்த மாசி வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிரோ வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கணித வகுப்பு முடித்து ஐந்து மணிக்கு வருவாள். நான்கு மாதமாக அப்படித்தான் வந்தாள். அன்று ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. கணவர் வேலையில். பள்ளிக்கூடத்தில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பொலிசுக்கு எடுத்தேன். எடுத்த பெண், பிள்ளைக்கு என்ன வயது, எவ்வளவு நேரம் பிந்திவிட்டது என்று கேட்டாள். பதினாறு, ஒரு மணித்தியாலம் என்றேன். அவள், சினேகிதிகளோடு இருப்பாள் அம்மா, இந்த வயதில் எல்லாரும் அப்படித்தான் என்றாள். அது இந்த நாட்டில் ஆறுதல் சொல்லும் முறை என்று இப்போது விளங்குகிறது. அப்போது, ஒரு பிள்ளை போவது இவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்று பட்டது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் தம்பி டியூசனுக்குச் சைக்கிளில் போனவன். நாலு மணிக்கு வர வேண்டும். அம்மா நாலரைக்கு ஒழுங்கை முனைக்குப் போனா. ஐந்துக்குப் பெரிய தெருவுக்குப் போனா. அவன் திரும்பி வராமல் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிந்துவது என்றால் எங்கள் வீட்டில் அதுதான்.

ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது. நிரோவின் உதடுகள் தடித்துச் சிவந்திருந்தன. கண் கலங்கி மூக்கு ஓடியது. யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எங்கையடி போனனீ?"

"நூடில்ஸ் சாப்பிட."

"உதென்ன வாயெல்லாம் சிவந்து கிடக்கு?"

"உறைப்பு அம்மா. லெவல் சிக்ஸ்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கணித வகுப்பு என்று ஒன்று இல்லை என்பதும், அன்று கடையில் கோப்பை கழுவுகிறவர் வராததால் தானே நின்று கழுவிக்கொடுத்தாள் என்பதும், அதனால்தான் பிந்தியது என்பதும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக, சனிக்கிழமைகளில் தன்னை வேலைக்கு வரச்சொல்லி கடைக்கார அம்மா கேட்டிருக்கிறா என்றாள்.

நான் அடித்தேன். கன்னத்தில் ஒரு அடி. அவளுக்கு நான் அடித்த முதல் அடி. அதன் பிறகு மூன்று கிழமை அவள் என்னோடு ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை. வெள்ளைக்கறியைச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவினாள், அறைக்குப் போனாள். அறைக்கதவை அவள் சாத்துவதும் மெதுவாகத்தான். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை வேண்டாம் என்று நான் முதல்நாளே சொல்லிவிட்டேன். மூன்றாம் கிழமை முடிவில் கணவர்தான், "இஞ்சை பாருமப்பா, கடையைப் பாக்காமல் வேண்டாம் எண்டு சொல்லாதையும். போய்ப் பாத்திட்டு வந்து வேண்டாம் எண்டு சொல்லும்" என்றார். நிரோவும் அன்று மூன்றாவது சொல்லைப் பேசினாள். "அம்மா வந்து சாப்பிட்டாத்தான் வேலை தருவாவாம். அது அவவின்ர ரூல்."

என் பிள்ளையை வேலைக்கு எடுப்பதற்கு என்னைச் சோதிக்க ஒருத்தி. அதை நினைத்துக்கொண்டே சனிக்கிழமை பஸ் ஏறினேன். கைப்பைக்குள் ஒரு சிறு போத்தலில் எங்கள் தூளும் இருந்தது.

கடை ஒரு பிளாசாவின் மூலையில், உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில். பத்துப் பேர் இருக்கலாம். மேசைகள் இல்லை. நீளமான ஒரு பலகை, அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கொதிக்கும் அண்டா. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் ஒரே குரலில் ஏதோ கூப்பிட்டார்கள். நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். "வெல்கம் எண்டு சொல்லினம், வாங்கோ" என்று நிரோ முன்னே போனாள். கடைக்கார அம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். தலையில் வெள்ளைத் துணி, கையில் எண்ணெய் சுட்ட தழும்புகள். நிரோ அவரை "ஒபாசான்" என்று கூப்பிட்டாள். யப்பான் மொழியில் அன்ரி மாதிரி என்று பிறகு சொன்னாள். ஸ்காபரோவில் இருக்கும் என் சொந்தத் தங்கையை அவள் அன்ரி என்று கூப்பிடுவது அப்படி இல்லை. அது கடமைக்கு வரும். இது வாயில் இனித்தது.

என்ன இலக்கம் என்று அந்த அம்மா விரலால் கேட்டார். நான் பத்து விரலையும் விரித்தேன். அவர் ஒரு விரலைக் காட்டினார். நான் மறுபடி பத்தைக் காட்டினேன். அவர் சிரிக்காமல், உடைந்த ஆங்கிலத்தில், முதல்முறை ஒன்று என்றார்.

நான் இவளுடைய தாய் என்றேன்.

"தாயும் ஒன்று" என்றார்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய முதல் விடயம் இது. இலக்கத்தைப் பாய்ந்து கேட்காதீர்கள். பிறந்த ஊரைச் சொல்லியும் பயனில்லை. எங்களுக்கு உறைப்பு என்றால் தூளின் உறைப்பு. அது சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கைவழியே வரும். இங்கே எண்ணெயில் ஊறிய மிளகாய், கொதிக்கும் சாற்றில், உறிஞ்சும் காற்றோடு நேரே தொண்டைக்குப் போகும். நாக்குக்குத் தெரியுமுன் நெஞ்சுக்குத் தெரியும்.

எனக்கு வந்த ஒன்றாம் இலக்கம் குழந்தைச் சாப்பாடு. பக்கத்தில் நிரோ, வந்த ஆறாம் இலக்கத்தைக் குனிந்து உறிஞ்சினாள். சாப்பிடும்போது வாயில் சத்தம் வரக்கூடாது என்று அவளுக்கு மூன்று வயதிலிருந்து நான் சொல்லிக் கொடுத்தது. அந்தக் கடையில் எல்லாரும் சத்தம் போட்டே உறிஞ்சினார்கள். சத்தம் போடாமல் இழையைக் கடித்துக் கடித்துத் தின்றவள் நான் ஒருத்திதான். அவளுடைய கோப்பையில் வெங்காயத்தாள் இல்லை. அவள் கேட்கவில்லை, அந்த அம்மாவாகவே போடாமல் விட்டார். முட்டையை ஒரு சின்னத் தட்டில் தனியாக வைத்தார். நிரோ அதைக் கடைசியில் சாப்பிட்டாள். என் வீட்டில் அவள் முட்டை சாப்பிட்டு நாலு வருடம்.

அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். கைப்பையைத் திறந்து, போத்தலை எடுத்து, என் கோப்பைக்குள் மூன்று முறை தட்டினேன். அந்த அம்மா பார்க்க வேண்டும் என்றே தட்டினேன். பிறகு, எல்லாரையும்போல, பலமாக உறிஞ்சினேன்.

எங்கள் தூள் வறுத்து இடித்ததுதான். என்றாலும் அது கறியில் கொதிக்க வேண்டியது. ஊரில் பத்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சாற்றின் மேல் கரையாமல் மிதந்த தூள் காற்றோடு தொண்டையில் ஏறியது. இருமினேன். மூச்சு எடுக்க முடியாமல் இருமினேன். தண்ணீரைக் குடித்தேன், அது எரிச்சலை வாய் முழுக்கப் பரப்பியது. கடை முழுக்க உறிஞ்சுவதை நிறுத்தியது. நிரோ முதுகைத் தடவிக்கொண்டு, "அம்மா, வை வுட் யூ டூ தற், கடவுளே" என்றாள்.

அந்த அம்மா என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். எழும்பிப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக் கைப்பையை எடுத்தேன். அவர் திரும்பி வந்து, கையை நீட்டிப் போத்தலைக் கேட்டார். மூடியைத் திறந்து மணந்தார். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். ஒரு சின்னத் தாச்சியில் எண்ணெய் காய வைத்து, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டில் தூளைப் போட்டுக் கிளறி, புதுக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு. கடை முழுக்க என் வீட்டு மணம்.

அது நல்லாயிருந்தது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நல்லாயிருந்தது. இருபது வருடமாக நான் கையாளும் தூளை, ஒருமுறை மணந்துவிட்டு, அதற்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தவள் மேல் எனக்கு வந்தது நன்றி அல்ல.

"எப்பிடி அம்மா?" என்று நிரோ கேட்டாள்.

"உப்புக் கொஞ்சம் கூட."

அவள் சிரித்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைப் பொத்தாமல். நான் சொன்னதை ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்குச் சொல்ல, அவரும் சிரித்தார். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு மூன்று கிழமையாக என் வீட்டில் இல்லை. உண்மையில் அதற்கும் முந்தியே இல்லை. அது எங்கேயோ அழிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறது.

ஏன் என் பிள்ளையைக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். அவர் யோசித்து, "ஒருநாளும் பிந்தமாட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று நாற்பது என்றால் மூன்று நாற்பது" என்றார். புகழ்ந்து சொன்னார். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது நிரோ பனியைச் சப்பாத்தால் தள்ளிக்கொண்டு நின்றாள். "அம்மா, வேண்டாமெண்டா வேண்டாம். நான் கேக்கேல்லை இனி" என்றாள். அது கோபமில்லாமல் வந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அன்று கன்னத்தில் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எங்கள் வாயில் அந்தச் சொல் பிள்ளைகளிடம் வருவதில்லை.

"சனிக்கிழமை மட்டும்" என்றேன். "ஆறு மணிக்கு வீட்டிலை நிக்கோணும்."

அவள் என் கையைப் பிடித்தாள். கையுறைக்கு மேலால்தான், ஆனால் பஸ் வரும்வரை விடவில்லை.

என்னைப் பெருந்தன்மையான தாய் என்று யாரும் எண்ண வேண்டாம். வேண்டாம் என்றால் அவள் இன்னொரு கணித வகுப்பைக் கண்டுபிடிப்பாள். ஓம் என்றால் நானும் ஒரு வாடிக்கையாளராகப் போய், அவள் எப்படி இருக்கிறாள் என்று இருந்து பார்க்கலாம். பொறாமையில் கொடுத்த சம்மதம் அது.

அப்படிப் போய்ப் போய்த்தான் மிச்சத்தைப் படித்தேன். மூன்றாம் இலக்கத்திலிருந்து உறிஞ்சுவதைக் குறைக்க வேண்டும். இழையைக் கொஞ்சமாகத் தூக்கி, ஊதி, வாயை மூடி மெல்ல வேண்டும். தண்ணீர் உதவாது, முட்டைக் கருவும் சோறும் உதவும். கண்ணைத் தொடக்கூடாது. ஆறட்டும் என்று வைக்கக்கூடாது, இழை ஊதிப்போகும். வீட்டில் இருப்பவருக்குப் பார்சல் கேட்கக்கூடாது, தரமாட்டார்கள். கணவருக்குக் கேட்டு நானும் முகம் சிவந்திருக்கிறேன். அவர் வர வேண்டும், அல்லது சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஐந்துக்கு மேலே சாற்றை முழுக்கக் குடித்து வீரம் காட்ட வேண்டாம், மிச்சம் விடுவதை யாரும் குறையாக எடுப்பதில்லை. நான் இப்போது நாலில் இருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை மூன்று மணிபோல் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து அந்தக் கூப்பிடும் குரல்கள். அவற்றில் எல்லாவற்றையும்விடப் பலமானது நிரோவின் குரல். வீட்டில் பக்கத்து அறைக்கே கேட்காத குரல், தெருவுக்குக் கேட்கும்படி. தலையில் வெள்ளைத் துணி, முகம் பாதி ஆவிக்குள். யார் வந்தது என்று பார்க்குமுன்பே கூப்பிட்டாள். எல்லாருக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முதல் மாதமே அவளிடம் கேட்டிருந்தேன். "ஒண்டும் சொல்லத் தேவையில்லை அம்மா, கஸ்ரமேர்ஸ் சொல்லிறேல்லை. வந்து இருந்தாச் சரி."

அப்படியே பலகையின் ஓரத்தில் போய் இருந்தேன். அடுத்த கோப்பைக்கு அவள் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சீனப் பையன் சத்தமாக உறிஞ்சினான். அந்தச் சத்தத்துக்குள், அவளுக்குக் கேட்காமல், "ஓம் பிள்ளை, வந்திட்டன்" என்றேன்.