வக்கீல் வேண்டாம் என்றவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் என் மேசை வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்டத் தன்னார்வலர் என்று கழுத்தில் அட்டை மாட்டியிருப்பேன். வக்கீல் வைக்காமல் தங்கள் வழக்கைத் தாங்களே நடத்துகிறவர்களுக்கு மனு எழுத உதவுவது, எந்த அறை என்று காட்டுவது, டவாலி பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போகச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. விசாரணை நடக்கும்போது நான் வாய் திறக்க முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு முன் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே தப்பு வந்தால் அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளலாம். இங்கே, சொல்லிக் கொடுத்ததை உள்ளே போனவர் சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் பல் தேய்ந்ததில் பாதிக்கு மேல் வன்னியம்பட்டிக்காரி ஒருத்தியால்.

அவளுக்கு நாற்பதை ஒட்டி வயது. தோட்டங்காட்டுக் கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் கட்டட வேலைக்கென்று கேரளாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முதல் ஒரு வருடம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கூடப் போனவர்கள் திரும்பி வந்து, அவர் வேறொரு மேஸ்திரியோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். இவள் போலீஸில் புகார் கொடுத்தாள், தெரிந்தவர்களோடு இரண்டு முறை போய்த் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மாமியாரோடு அதே வீட்டில் இருந்தாள்.

பிரச்சினை அந்த வீடுதான். மண் சுவர், ஓட்டுக் கூரை. பின்பக்கச் சுவர் வெளியே சாய்ந்து நின்றது. அரசாங்கத் திட்டத்தில் வீடு கட்டிக்கொள்ள எழுதிக் கொடுக்கப் போனாள். மனைப் பட்டா புருஷன் பெயரில் இருந்தது. இவள் பெயருக்கு மாற்ற அவருடைய இறப்புச் சான்று வேண்டும். ஆள் என்ன ஆனார் என்றே தெரியாதபோது இறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி அவருடைய மனுஷர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கருதலாம் என்று கோர்ட் அறிவிக்க முடியும். நேரான வழக்கு. இதில் சிக்கல் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

"இலவசமாவே வக்கீல் போட்டுத் தருவாங்க. உனக்குச் செலவு எதுவும் இல்லை" என்றேன்.

"வக்கீலு வேண்டாங்க்கா."

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி இன்னொருத்தரு எந்திரிச்சு நின்னு பேசுததா? அவியளை அவருக்குத் தெரியுமா? நானே சொல்லுதேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. மனுவை எழுதி வாசித்துக் காட்டியபோது, இறந்துவிட்டதாகக் கருதி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதென்னக்கா, கருதி?"

"அப்படின்னு நெனச்சு."

"நான் நெனைக்கலையே."

"நீ நெனைக்க வேண்டாம்மா. கோர்ட்டு நெனைக்கும்."

"அப்பக் கோர்ட்டே எழுதிக்கிடட்டும். நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

அன்று மத்தியானம் முழுக்க இதிலேயே போனது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, சாய்ந்த சுவரைப் பற்றிப் பேசி, கையெழுத்து வாங்கி, அன்றைக்கே தாக்கல் செய்ய வைத்தேன்.

மனு வழக்காகப் பதிவாகி நம்பர் கிடைத்தது. பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா. அரசு தரப்புக்கு நோட்டீஸ் போக ஒரு வாய்தா, அவர்கள் பதில் போட ஒரு வாய்தா, பேப்பரில் விளம்பரம் கொடுக்க ஒரு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பாள். நான் இராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் என் மேசையைத் துடைத்து வைத்திருப்பாள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். டவாலி கூப்பிடுவான், போய் நிற்பாள், அடுத்த தேதி சொல்வார்கள், திரும்பி வருவாள். எனக்குத்தான் வயிறு எரியும். அவள் முகத்தில் ஒரு சலிப்பும் தெரியாது. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பேப்பரில் விளம்பரம் வந்த வாரத்தில் விளங்கியது. புருஷனின் படத்தோடு, இவரைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் இன்ன தேதிக்குள் கோர்ட்டில் சொல்லலாம் என்று ஒரு மூலையில் சின்னதாக வந்திருந்தது. அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு, என்னக்கா? இந்தப் பேப்பரு கேரளாவுக்கும் போகும்ல? தமிழ் ஆளுக எம்புட்டுப் பேரு அங்க இருக்காக! யாராச்சும் பார்த்துச் சொல்லீருவாகல்லா?"

இத்தனை மாதமாக ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாங்கள் இரண்டு வழக்கு நடத்தியிருக்கிறோம். நான் அந்த மனிதரை இறந்தவராக்கப் பாடுபட்டிருக்கிறேன். அவள் கோர்ட்டை வைத்து அவரைத் தேடியிருக்கிறாள்.

"அதுக்கு இல்லம்மா இது" என்று ஆரம்பித்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தலையாட்டினாள். தலையாட்டியதெல்லாம் எனக்காகத்தான்.

அவளைக் கூண்டில் ஏற்றும் நாள் வந்தது. அதற்கு முந்தின வாய்தாவிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். பொய் ஒன்றும் இல்லை, உள்ளது மட்டும்தான். 'எட்டு வருசமா அவரைப் பத்தி எனக்கோ சொந்தக்காரங்களுக்கோ எந்தத் தகவலும் இல்லை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஆனால் அன்று காலை வந்தபோதே எனக்குத் திக்கென்றது. தலைகொள்ளாமல் கனகாம்பரம், நெற்றியில் அகலமாகக் குங்குமம். வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். பூவை எடு, பொட்டை அழி என்று எப்படிச் சொல்வது?

அரசு வக்கீல் நல்ல மனிதர்தான். கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

"பூவும் பொட்டுமா வந்திருக்கீங்க. அப்ப உங்க கணவர் உயிரோட இருக்கார்னு நம்புறீங்க, சரிதானே?"

"செத்துட்டாகன்னு நான் எப்படிங்கய்யா சொல்ல?" என்றாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "செத்துட்டாரான்னு கேக்கலைம்மா. அவர் போனதுக்கப்புறம் யாராவது பார்த்தாங்களா, ஏதாவது தகவல் வந்ததா, அதை மட்டும் சொல்லுங்க."

சொல், சொல், அந்த ஒரு வரியைச் சொல் என்று மனசுக்குள் கத்தினேன்.

"போன வருசம் ஆடிப்பூரத் தேர்ல பார்த்தேன்யா" என்றாள்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரை?"

"அவியளைத்தான். பார்த்த மாதிரி இருந்துச்சு. கூட்டத்துல முன்னால போனாக. தோளைச் சாய்ச்சு ஒரு நடை நடப்பாக, அதே நடை. நான் பின்னாலயே ஓடுனேன். ரத வீதி முக்குல திரும்புததுக்குள்ள ஆளைக் காணும்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"முதுகைத்தான் பார்த்தேன்யா."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். வேறு சாட்சி இருந்தால் அழைத்து வரச் சொல்லி அடுத்த தேதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"இத்தனை மாசமா இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேக்கா."

"தகவல் உண்டான்னு கேட்டேனே!"

"தகவல் இல்லை. பார்த்தேன். ரெண்டும் ஒண்ணா?" பிறகு என்னை நேராகப் பார்த்து, "சத்தியம் வாங்கிக்கிட்டுத்தானேக்கா கேட்டாக? மறைச்சுப் பேசச் சொல்லுதீகளா?" என்றாள்.

நான் அப்படிச் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். அதனால்தான் கோபம் அம்புட்டும் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டேன்.

வேறு சாட்சி என்றால் மாமியார்தான். அடுத்த வாய்தாவுக்கு ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்தாள். மெலிந்த உடம்பு, காது சரியாகக் கேட்காது. கூண்டில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாளுக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்து என்ன பிரயோசனம் என்ற வெறுப்பில் இருந்தேன்.

நீதிபதி சத்தமாகக் கேட்டார், மகனிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று.

"இல்லைய்யா. என் மவன் எங்கிட்ட வராம இருக்கிறவன் இல்லை. அவங்கப்பன் செத்தப்ப அம்புட்டுத் தூரத்துல இருந்து ராவோட ராவா வந்தான். காலு கையி அசைஞ்சா வந்திருப்பான்." மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகள் பக்கம் திரும்பினார். "இந்தா இருக்காளே, இவ சொன்னாளாம்லா, தேர்ல பார்த்தேன்னு. ஒவ்வொரு வருசமும் பார்ப்பா. நானுந்தான் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரியில, எல்லா எடத்துலயும். பக்கத்துல போனா வேற ஆளு."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. டவாலி அதட்டப் போனான், நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவளை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்கள். "முகத்தைப் பார்க்கலைய்யா. தகவல் எதுவும் இல்லை" என்றாள். நான் சொல்லிக் கொடுத்த வரியில் பாதிதான். அது போதுமாக இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நகல் வாங்கி அவள் கையில் கொடுத்து, இறப்பைப் பதிவு செய்ய எங்கே போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எல்லாம் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து விசாரித்தால், அவள் போகவே இல்லை.

நேரில் வன்னியம்பட்டிக்கே போய்க் கேட்டேன். பீரோவிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து வந்து, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். வழக்குத் தாக்கலான தேதியை இறந்த தேதியாகக் கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துச் சொல்லியிருக்கிறாள்.

"இது நான் மனுவுல கையெழுத்துப் போட்ட நாளுல்லாக்கா? நீங்க டீ வாங்கிக் கொடுத்தீகளே. அன்னைக்கு அவிய செத்தாகன்னு நான் போய் எழுதிக் கொடுக்கவா? நான் கையெழுத்துப் போட்டுக் கொன்ன மாதிரிலா இருக்கு."

"ஏதாவது ஒரு தேதி போட்டுத்தானே ஆகணும்? அது சும்மா சட்டத்துக்கு."

"உங்களுக்குச் சும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "அந்தச் சுவர் உங்க ரெண்டு பேர் மேலயும் விழுந்தா அன்னைக்கு உண்மையாவே தேதி எழுத வேண்டி வரும். பார்த்துக்கோ!" மாமியாருக்குக்கூட அது கேட்டிருக்கும். அவள் தீர்ப்பு நகலை மடித்துப் பீரோவில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் பின் சுவர் விழுந்தது. வெளிப்பக்கமாகச் சரிந்ததால் யாருக்கும் அடி இல்லை. அந்த வாரமே தலை நனைந்தபடி என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"எங்கக்கா கையெழுத்துப் போடணும்?"

நானே கூடப் போனேன். இறப்பைப் பதிவு செய்யும் ஆபீசில் வரிசையில் நின்றோம். கையெழுத்துப் போடும் முன் பேனாவை வாங்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் நகலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். போட்டாள். வெளியே வந்ததும், "அத்தைகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். பொறவு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். கூண்டில் ஏறி அத்தனை பேர் நடுவில் தன் மகன் உயிரோடிருந்தால் வந்திருப்பான் என்று சாட்சி சொன்னவரிடம் இதை மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

சான்று வந்து, வாரிசுச் சான்று வந்து, பட்டா மாறி முடிவதற்குள் அந்த வருடத்து வீட்டுத் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தேர்ந்து முடித்துவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. எல்லாரும் அவரவர் வேலையை முறைப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவள் தீர்ப்பு வந்ததுமே போயிருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொன்னால் அது உண்மைதான். ஆனால் சொல்லி என்ன?

அடுத்த வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பின் சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். மாமியாரும் அவளும் முன் அறையிலேயே படுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் போனபோது காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. நான் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டுக் கம்பில் இழுத்துக் கட்டினாள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.