ஒன்பதாம் எண் பை

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கேஸை மூடினோமா என்று ஓடும் பேருந்தில் இருந்து போன் செய்து கேட்டிருக்கிறேன். அதனால்தான் பாகூர் ஏரியில் பறவைகளைப் பிடித்து அடையாளத்துக்குக் காலில் வளையமிடும் எங்கள் சின்னக் குழுவில் பைகளுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். "அக்கா கையில குடுத்தா எதுவும் காணாம போவாது" என்று சிரிப்பார், குழுவை நடத்தும் பறவை ஆய்வாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண். வலைகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மின்துறையில் லைன்மேனாக இருக்கும் நண்பர். ஆக மூன்றே பேர்.

விடிவதற்குள் கோரைப்புல் ஓரமாகக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலைகளைக் கட்டிவிடுவோம். சிக்குகிற குருவியை எடுத்துத் துணிப்பைக்குள் விட்டு, வாயைச் சுருக்கி, இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவோம். பைக்குள் இருட்டு என்பதால் அது அடங்கியிருக்கும். முதலில் மாட்டியதை முதலில் எடுத்து, இறக்கையை அளந்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். எந்தக் குருவியும் பையில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பைகள் பன்னிரண்டும் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளில் நான் தைத்தவை. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் எண் போட்டிருந்தேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி இருக்கும். கடைசி வலையில் இருந்து லைன்மேன் ஓடி வந்தார். வலைப்பக்கம் யாரும் ஓடக் கூடாது என்று எங்களைத் திட்டுகிறவரே அவர்தான்.

"யக்கா, இது இன்னான்னே தெர்லக்கா. சீக்கிரம் பாருங்க."

ஆய்வாளர் பைக்குள் கைவிட்டு எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு கதிர்க்குருவி. கண்ணுக்கு மேல் மஞ்சள் கோடு, உச்சந்தலை நடுவில் இன்னொரு கோடு, இடுப்பில் ஒரு திட்டு மஞ்சள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இங்க இருக்கவே கூடாதுக்கா" என்றார். இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் இருக்க வேண்டியது, எங்கேயோ வழி தவறி எங்கள் ஏரிக்கு வந்திருக்கிறது.

அப்போது கயிற்றில் ஒரே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் எண். உள்ளே ஒரு தையல்சிட்டு. அதன் முறை வந்துவிட்டது, ஆனால் புது விருந்தாளிக்கு நேரமாகும். வெயிலும் கயிற்றின் மேல் ஏற ஆரம்பித்திருந்தது. அதுவரை இது ஏன் வேக வேண்டும் என்று பையைக் கழற்றிப் பின்னால் இருந்த நுணா மரத்தின் தாழ்ந்த கிளையில், நல்ல நிழலாகப் பார்த்து மாட்டினேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

அதன்பின் எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த மஞ்சள் கோட்டுக் குருவியைப் பற்றித்தான். மூச்சு வாங்குகிறதா, கண்ணை மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "போதும்மா, விட்டுடு" என்று நாலு தரம் சொல்லியிருப்பேன். அளந்து, வளையம் மாட்டி, படம் எடுத்து, கடைசியில் என் உள்ளங்கையில் இருந்தே விட்டோம். கருவேலங்கிளையில் ஒரு கணம் உட்கார்ந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு போய்விட்டது. மூவரும் பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தோம். வலைகளைச் சுருட்டும்போது, "பையெல்லாம் இருக்காக்கா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"இருக்கு" என்றேன். எண்ணவில்லை.

வில்லியனூரில் வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, குருவிப் படத்துக்கு வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் போட்டுவிட்டுப் பைகளைத் துவைக்க உட்கார்ந்தபோது மணி ஒன்றேகால். பதினொன்று இருந்தன. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். எண்களை வரிசையாக அடுக்கினேன். எட்டுக்குப் பிறகு பத்து வந்தது. நுணா மரம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

லைன்மேன் போனை எடுக்கவில்லை. ஆய்வாளரை நான் கூப்பிடவில்லை. அவர் டவுனில் இருக்கிறார், எப்படியும் நாம்தான் முதலில் போய்ச் சேருவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். "நீ பயந்தது எதுனா என்னிக்காவது நடந்துருக்கா? பை காத்துல அவுந்து குருவி எப்பவோ பறந்துருக்கும். நீ வேணா பாரு" என்றார் வழியில். அது நடக்காது. சுருக்குக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்துத்தான் மாட்டியிருந்தேன். ஏம்பலம் தாண்டிக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஐந்து மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

ஏரிக்கரையில் ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்தேன். காலையில் மேற்கே விழுந்திருந்த நிழல் இப்போது மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பை முழு வெயிலில் தொங்கியது. ஆடவில்லை. தையல்சிட்டுக்கு எடை என்று ஒன்று கிடையாது, உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதே கைக்குத் தெரியாது. முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. வீட்டுக்காரர்தான் அவிழ்த்தார்.

இருந்தது. அலகு திறந்திருந்தது. உடம்பு சூடாக இருந்ததால் உயிர் இருக்கிறதென்று ஒரு நொடி நம்பினேன். அது வெயிலின் சூடு. இருந்தும் பாட்டில் தண்ணீரை விரலில் தொட்டு அலகில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடுமா. ஆனைக்கும் அடி சறுக்கும்."

"ஆனை சறுக்குனா அடி ஆனைக்குத்தான். இங்க அடி யாருக்கு?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயங்காலம் ஆய்வாளரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். படத்தைப் பார்த்த பறவைத்துறைப் பெரியவர்கள் எல்லாரும் அது அந்த இமயமலைக் குருவிதான் என்று உறுதி செய்துவிட்டார்களாம். "எல்லாம் உங்க ராசிதாங்க்கா" என்றார். அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"இருக்கேங்க்கா" என்றார். பிறகு, "நானும் எண்ணிப் பாத்துருக்கணும். பதிவேட்டுல எழுதிடுங்க. இன்னிக்குப் பக்கத்துலயே எழுதணும்."

இறந்த பறவைகளுக்கென்று எங்கள் பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு. வலையில் சிக்கி, மழையில் நனைந்து, வல்லூறு அடித்து என்று காரணங்கள் அச்சடித்திருக்கும், ஒன்றை வட்டமிட்டால் போதும். வெயில் என்பதும் அதில் இருந்தது. பேனா அதன்மேல் போய் நின்றது. வெயிலை வட்டமிட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், "நான் மறந்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.