வண்டியில் ஏற்றாதே என்றார் நைனா

எங்கள் நைனா அவர்கள் போய் இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்து சாப்பிட்டு எழுந்த சொந்தபந்தங்களும் சிநேகிதர்களும் கழுவிய கை காய்வதற்குள் இந்த நினைவு மலரை வாங்கியிருப்பீர்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாமல் ஒரு தரம் படிக்க வேண்டுகிறேன். சிலருக்கு இதில் கசப்பு இருக்கும். எழுதுகிற எனக்கும் இருக்கிறது.

நைனா பிறந்தது பட்டணத்தில், வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். தகப்பனாரின் முகம் அவருக்கு நினைவே இல்லை. சிறு வயதில் ஓர் அச்சுக்கூடத்துக்குப் பசை காய்ச்சப் போனவர், தாள் மடிக்கவும் தைக்கவும் கற்றுக்கொண்டு, கடைசியில் பைண்டிங் மேஸ்திரி ஆனார். தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, படிக்கவைத்து உத்தியோகத்தில் அமர்த்தியதும் அந்தப் பசைக் கைதான். கலியாணமாகி நான் பிறந்த பிறகும் அதே வாடகை வீடு. அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே குழாய். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும்.

"வாடக குடுத்துகினே சாவச் சொல்றியா? சாவறதுன்னா சொந்த ஊட்ல சாவணும்," என்று நைனா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில், அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு புஞ்சைக்காட்டை மனை போட்டு விற்றார்கள். எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டுகிற விலை. தரகர் காட்டிய படத்தில் பூங்கா இருந்தது, கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் நட்ட கல் இருந்தது, கள்ளி இருந்தது, பாம்பு இருந்தது. நைனா படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டார். மில்லுக்குப் போகிறவர், டிராம் ஓட்டுகிறவர், கொத்தனார், குமாஸ்தா என்று பல ஊரும் பல ஜாதியுமாக ஒரு தெரு சேர்ந்தது. பக்கத்திலிருந்த பழைய கிராமத்தார் எங்களுக்கு வைத்த பெயர் மனைக்காரர்கள். அதில் மரியாதை கொஞ்சமும் கிடையாது.

மழைக்காலத்தில் வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். ரயில் போய்விட்டால் அன்றைய கூலியும் அதன் பின்னாலேயே போகும். தெருவில் விளக்கு இல்லை. நாவிதர் வரமாட்டார், வைத்தியர் வரமாட்டார். தோண்டிய கிணறெல்லாம் உப்பு. எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் அதிசயமாக நல்ல தண்ணீர் கொடுத்தது. தெருவே அதில்தான் இறைத்தது. "படத்துல இல்லாத ஒண்ணு நமக்குக் கெடச்சிது பாரு," என்று நைனா அம்மாவிடம் பெருமை பேசுவார்.

அம்மாவுக்கு விஷஜுரம் கண்டது கார்த்திகை மாதத்தில். மழை விடவில்லை. வைத்தியரைத் தேடிப் போன நைனா திரும்பி வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த நாள் காலை அம்மா போய்விட்டார்கள். சொந்த வீட்டில்தான்.

எங்கள் தெருவில் விழுந்த முதல் சாவு அது. பாடை கட்ட மூங்கில் வெட்டிவிட்டு, எங்கே கொண்டுபோவது என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. வாழ்வதற்கு வேண்டியதெல்லாம் வரைந்த அந்தப் படத்தில் செத்தவர்களுக்கு ஓர் இடம் வரையாமல் விட்டிருந்தார்கள்! வாங்கிய எங்களுக்கும் அது தோன்றவில்லை. மனை வாங்கப் போகிறவன் சுடுகாடு எங்கே என்று கேட்பானா?

நைனா கிராமத்துக்குப் போய் நாட்டாண்மைக்காரர் வாசலில் ஈர வேட்டியோடு நின்றார். நான் கூட இருந்தேன்.

"எங்க சுடுகாட்ல எங்க ஜனம்தான். நீங்க யாரு, இன்னா ஜாதி, ஒண்ணும் தெரியாது. மனை வித்தவன் கீறான் இல்ல, அவனப் போய்க் கேளு," என்றார் அவர்.

பட்டணத்துச் சுடுகாடே கதி என்றாயிற்று. கிராமத்தில் ஒருவர் மனம் இரங்கி வண்டி கொடுத்தார், மாடு கொடுக்கவில்லை. பிணம் இழுத்த மாடு ஏருக்கு ஆகாதாம். நைனாவும் நானும் தெரு ஆண்களும் நுகத்தடியைப் பிடித்துச் சேற்றில் இழுத்தோம். ஏரிக்கரையைத் தாண்டும்போது அங்கிருந்த சேரியின் ஜனங்கள் மழையில் நின்று பார்த்தார்கள். முன்னால் நின்ற பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நாங்கள் நிற்கவில்லை. பட்டணம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

அங்கே சுடுகாட்டுக்காரர் எந்தப் பேட்டை என்று கேட்டார். அம்பத்தூர்ப் பக்கம் என்று சொன்னால் வெளியூர்ப் பிணம் என்பார். நைனா வண்ணாரப்பேட்டை என்று சொல்லி, பழைய ஒண்டுக்குடித்தனத்தின் விலாசத்தைக் கொடுத்தார். சொந்த வீட்டுக்காரியாகச் செத்த என் அம்மாவை வாடகை வீட்டு விலாசத்தில் எரித்தோம்.

கருமாதி முடிந்ததும் நைனா என்னை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைச் சேரிக்குப் போனார். அன்று தலைத்துண்டை எடுத்த பெரியவர்தான் கன்னியப்பன். அவர்கள் சுடுகாட்டைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. எங்கள் தெருவுக்கும் அதில் இடம் கொடுக்கமுடியுமா என்று நைனா கேட்டார்.

"அன்னிக்கு அம்மாவ வண்டில வச்சி இஸ்துகினு இந்த வழியாத்தான போனீங்க? கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்போம், மேஸ்திரி. கேக்கலியே," என்றார் கன்னியப்பன்.

கேட்கத் தோன்றாமல் போனதற்குக் காரணம் நைனாவுக்கும் எனக்கும் தெரியும், கன்னியப்பனுக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"எரிச்சிக்கோங்க. கட்ட அடுக்கறதும் நாங்க பாத்துக்கறோம். ஆனா ஒண்ணு. ஊர்க் கெணத்துல எங்கள உடமாட்டாங்க. எங்க பொம்பளைங்க ஏரிச் சேத்துத் தண்ணிய மொண்டுகினு கீறாங்க. உங்க கெணத்துல எறைக்க உடணும்."

"வரட்டும்," என்றார் நைனா.

மறுநாளே அவர்கள் குடத்தோடு வந்தார்கள். மறுநாளே எங்கள் தெரு வருவதை நிறுத்தியது. எதிர்வீட்டுக்காரர், மில்லில் வேலை செய்தவர், வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பொணம் எரியறதுக்கும் குடிக்கிற தண்ணிக்கும் இன்னா சம்பந்தம், மேஸ்திரி?"

"ஒரு ஊட்டுக்கு ரெண்டும் வேணும்பா," என்றார் நைனா.

தெரு உப்புத் தண்ணீரைக் குடித்தது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு யாரும் வரவில்லை. ரயிலில்கூட நைனாவின் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவார். பிறகு எதிர்வீட்டுக்காரரின் பெண் குழந்தை வயிற்றுப்போக்கில் போயிற்று. அவர் வந்து எங்கள் வாசலில் விழுந்து அழுதார். நைனா ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் குழந்தையைத் தம் கையிலேயே தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். அதன் பிறகும் அப்படித்தான் நடந்தது. தண்ணீருக்கு வராதவர்கள் பிணத்துக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் பின்னால் குடத்தோடும் வந்தார்கள்.

யுத்த காலத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது சித்தப்பா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். கிணற்றங்கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "உனுக்கு ஏன்ணே இந்த வேல? எல்லாரையும் நிறுத்து," என்றார்கள். "உனுக்கு உப்புத் தண்ணிதான் புடிக்கும்னா எதிர் ஊட்ல கீது, போய் மொண்டுகினு வா," என்றார் நைனா. சித்தப்பா அதை இன்றுவரை மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் நைனாவுக்கு இளைப்பு முற்றியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "டேய், என்ன வண்டில ஏத்தாத," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டொரு நாளில் அடங்கிவிட்டார்.

நான் அழுது முடிப்பதற்குள் சித்தப்பா வண்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். "எங்கண்ணன அந்த எடத்துலயா வைக்கறது? ஜனங்க இன்னா சொல்லும்?" என்றார்கள். வண்டி வந்து வாசலில் நின்றது. இந்தத் தடவை மாடும் இருந்தது. "நைனா சொல்லிட்டுப் போயிட்டாரு, சித்தப்பா," என்று சொல்லிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தேன். இன்னொரு பக்கம் எதிர்வீட்டுக்காரர் தோள் கொடுத்தார். சித்தப்பா எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார்கள்.

கன்னியப்பனுக்கு இப்போது கண் மங்கல். தடவித் தடவித் தம் கையாலேயே கட்டை அடுக்கினார். நான் கொள்ளி வைத்துத் திரும்பியபோது அருகில் வந்தார்.

"தம்பி, மேஸ்திரி பூட்டாரு. நாளிக்கு எங்க பொம்பளைங்க கெணத்துக்கு வர்லாமா?"

நின்றவர்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா தொண்டையைச் செருமினார்கள். பாடையை இறக்கிய உடனே கன்னியப்பன் இதைக் கேட்டிருக்கலாம். பதில் சரியில்லையென்றால் அடுக்கிய கட்டையைக் கலைத்திருக்கலாம். அந்த மனிதர் தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் கேட்டார். எனக்குத் துக்கத்தைவிட வெட்கம் பெரிதாக வந்தது.

"வரட்டும்," என்றேன்.

நைனாவின் கடைசிக் காரியத்தில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. முதல் நன்றி கன்னியப்பன் பெரியவருக்கும் ஏரிக்கரை ஜனங்களுக்கும். தோள் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், பாதை பூராவும் சேறாய் இருந்தும் நடந்து வந்த தெருவாருக்கும் நன்றி. மனம் ஒப்பாவிட்டாலும் கடைசிவரை கூட வந்த சித்தப்பா அவர்களுக்கும் நன்றி. இன்று நாம் எல்லோரும் உண்ட சோறு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பொங்கியதுதான் என்பதைச் சித்தப்பாவுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கருமாதிக்கு மறுநாள் கிணற்றுக்குப் புதுக் கயிறு போட்டேன். ஒரு வருஷத்தில் அது நூலாகிவிட்டது. நீங்கள் எல்லோரும் ரயிலேறியதும் போய் வேறு கயிறு வாங்கிவர வேண்டும்.